பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீங்க: கொங்குப் பக்கம் பழைய அம்பாசிடர், ஃபியட் வாங்குவோருக்கு

பொள்ளாச்சித் தோப்புச் சாளையில் (கொட்டகையில்) தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் அம்பாசிடருக்கு ஒருவர் ஒரு விலை சொல்வார். பல்லடத்தில் புதுப் பெயிண்டில் பளபளக்கும் அதே வருட வண்டிக்கு இன்னொருவர் மூன்று மடங்கு கேட்பார். சாளையில் கிடப்பதுதான் நல்ல வண்டி என்பது பல நேரம் உண்மை. பழைய காரில் பதினைந்து நாளில் வாங்கிவிடக்கூடிய அழகு பெயிண்ட் ஒன்றுதான். மற்றதெல்லாம் வண்டியோடு வந்தால் உண்டு.

கொங்கு நாட்டில் வாங்குபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. கோயம்புத்தூர், கணபதி, பீளமேடு என்று எங்கு திரும்பினாலும் லேத்து, மில்லிங், ஃபவுண்டரி. பம்பு செட்டுக்கு வேலை செய்து பழகிய கைகள் புஷ், பின், ஷாஃப்ட், இம்பெல்லர் எதையும் அளவெடுத்துச் செய்து கொடுத்துவிடும். அதனால் விலை பேசும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். லேத்தில் செய்யக்கூடிய குறைக்குக் கொஞ்சம் குறையுங்கள். லேத்தில் செய்ய முடியாத பொருள் காணாமல் போயிருந்தால் நிறையக் குறையுங்கள். கிரில், பெயர்ப் பட்டை, டெயில் லேம்ப் கண்ணாடி, வளைந்த விண்ட்ஷீல்டு, உள்ளே மீட்டர் பலகை, கதவுக் கைப்பிடி எல்லாம் இந்த இரண்டாவது வகை. இன்ஜின் புகைகிறது என்று பயந்து நல்ல வண்டியை விட்டுவிட்டு, கிரில் மாற்றிய வண்டிக்கு அதிக விலை கொடுப்பவர்கள்தான் அதிகம்.

விண்டேஜ் என்ற சொல்

விளம்பரத்தில் 1992 பத்மினியையும் (ஃபியட்டின் பிற்காலப் பெயர்) விண்டேஜ் என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்குத்தான் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு விண்டேஜ் எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பதிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு, ஆராய்ச்சி, அவ்வளவுதான். கல்யாண வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டு வாங்குபவர் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பத்மினி என்ற பெயரே 1974இல்தான் வந்தது. சந்தையில் நிற்கும் பத்மினிகளில் பெரும்பாலானவை எண்பது, தொண்ணூறுகளைச் சேர்ந்தவை. அவை நல்ல பழைய கார்கள். சட்டப்படி விண்டேஜ் ஆக இன்னும் காலம் இருக்கிறது.

முகத்தைப் படிப்பது

தோற்றத்தை எடை போடுவது என்றால் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. ஆர்.சி.யில் உள்ள வருடத்துக்கு இந்த முகம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். காளைக்குப் பல்லைப் பிடித்து வயது பார்ப்பது மாதிரி, காருக்குக் கிரில்லையும் விளக்கையும் பார்க்க வேண்டும்.

அம்பாசிடர், பிரிட்டிஷ் காரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் உடல். 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் வந்தது. உடல் கிட்டத்தட்ட மாறவே இல்லை என்பதால் ஒரு மார்க்கின் (மாடல் தலைமுறையின்) முகத்தை இன்னொன்றில் மாட்டுவது சுலபம். அங்கேதான் ஏமாறுவோம். அறுபதுகளில் வந்த மார்க் 2 வண்டியில் நெருக்கமான கட்டம் போட்ட கிரில். 1975இல் வந்த மார்க் 3இல் படுக்கைவாட்டில் அகலப் பட்டைகள். 1979இன் மார்க் 4இல் கிரில் சிறியதாகி, கட்டங்கள் பெரிதாயின. அதுவரை வட்டமாக இருந்து பார்க் லைட்டாகவும் இண்டிகேட்டராகவும் இரட்டை வேலை செய்த விளக்கு, மார்க் 4இல் சதுர வாட்டத்தில் தனித்தனி விளக்குகளாகப் பிரிந்தது. ஆகவே 1968 ஆர்.சி.யோடு வரும் வண்டியில் சதுர இண்டிகேட்டர் இருந்தால், முன்பக்கம் எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழையது உடைந்து கிடைக்காமல் மாற்றியிருக்கலாம், முன்பக்கம் எங்காவது மோதியும் இருக்கலாம். இரண்டாவதுதான் என்றால் பானெட்டைத் திறந்து உள் மட்கார்டில் வெல்டிங் தழும்பு தேடுங்கள்.

கியர் இன்னொரு அடையாளம். மார்க் வண்டிகளில் ஸ்டியரிங் அருகே ஹேண்ட் கியர், நாலு கியர். தொண்ணூறுகளின் 1,817 சி.சி. இசுசு இன்ஜின் வண்டியில்தான் ஐந்து கியர், தரையில் கியர் லீவர். பழைய மார்க்கில் தரை கியர் இருந்தால் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்ட சுகமாக இருக்கும். விண்டேஜ் பதிவுக்கு அது பெரும் தடை. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தாலும் அப்படித்தான். மார்க் வண்டிகள் நாலு சக்கரத்திலும் டிரம்.

ஃபியட் பக்கம் வந்தால் ஐம்பதுகளின் 1100 வண்டிகளில் முன் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு எதிர்த் திசையில் திறக்கும். இந்தக் கதவுள்ள வண்டிகளுக்கு மதிப்பு தனி. ஆனால் கீல் தேய்ந்து கதவு தொங்கினால் ஓட்டத்தில் காற்று பிடித்துத் திறந்துகொள்ளும் ஆபத்தும் தனி. அறுபதுகளின் நடுவில் 1100 டி, டிலைட் வந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபியட் பெயர் போய் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆயிற்று. பத்மினியின் பாடியில் ஃபியட் பட்டையை ஒட்டி டிலைட் என்று விற்பது பழைய வித்தை. பெயர்ப் பட்டையின் ஆணித் துளைகளை உள்பக்கத்திலிருந்து பாருங்கள். அசல் துளை வட்டமாக, ஓரத்தில் பழைய பெயிண்டோடு இருக்கும். புதிதாகத் துளைத்தது பளபளக்கும், அல்லது துளையே இல்லாமல் பசையில் ஒட்டியிருக்கும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு அபூர்வமாகத்தான் கண்ணில் படும். அதற்குத் தனிச் சேஸ் சட்டம் உண்டு. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். பாடித் துருவைவிட அந்தச் சட்டத்தின் துருதான் அதில் முக்கியம். உதிரிப் பொருள் தேடுவது அம்பாசிடரைவிடப் பல மடங்கு கஷ்டம் என்பதால் முழுமையாக இல்லாத ஹெரால்டைத் தொடவே வேண்டாம்.

நிறத்துக்கு வருவோம். அந்தக் காலத்து நிறங்கள் பெரும்பாலும் மெட்டாலிக் இல்லாத, தட்டையான நிறங்கள். மெட்டாலிக் சிவப்பு மார்க் 2, அலாய் வீல், வெள்ளை ரெக்ஸின் சீட், ஹெட்லைட்டைச் சுற்றி எல்.இ.டி. வளையம்: ஒவ்வொன்றுக்கும் விற்பவர் செலவு செய்திருப்பார், ஒவ்வொன்றும் உங்களுக்குக் கழற்றும் செலவு. அசல் நிறம் தெரிய மூன்று இடம் பாருங்கள்: டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி, டேஷ்போர்டுக்குப் பின்புறம், கதவு ரப்பருக்கு அடியில். அந்த நிறமும் வெளி நிறமும் ஒன்றா, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறமும் அதுதானா என்று ஒப்பிடுங்கள். கூரையில் மட்டும் உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால் அது டாக்ஸியாக ஓடிய வண்டி.

அசல் வண்டி எப்படி இருக்கும் என்ற கண் பழக்கம் இல்லாமல் போக வேண்டாம். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. அரை நாள் அங்கே நின்று, பழைய வண்டிகளின் பீடிங் (ஓரப் பட்டை) எங்கே முடிகிறது, கதவு இடைவெளி எவ்வளவு, குரோம் எந்தப் பளபளப்பில் இருக்கும் என்று பார்த்துவிட்டுப் போனால் புரோக்கர் பேச்சில் பாதி காதில் விழாது.

பாடி: வண்டி எங்கே வாழ்ந்தது

கையில் எடுத்துப் போக வேண்டியவை: துணி சுற்றிய சின்னக் காந்தம், டார்ச், பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவர், அளவு டேப், கீழே படுக்க ஒரு சாக்கு, கம்ப்ரஷன் கேஜ், வெள்ளைத் தாள், பென்சில். வெயிலில் பாருங்கள். மழையிலோ சாயங்காலத்திலோ பெயிண்ட் எல்லாமே அழகுதான்.

முதல் கேள்வி, இந்த வண்டி முப்பது வருடம் எந்த ஊரில் நின்றது என்பது. கரூர், தாராபுரம், காங்கேயம் வறண்ட பூமி. அங்கே நின்ற தகரம் பிழைத்திருக்கும். வால்பாறை, ஊட்டி, பாலக்காடு பக்கம் நின்றது ஈரம் குடித்திருக்கும். சென்னைக் கடற்காற்றில் இருந்து வந்தது என்றால் காந்தத்தை இரண்டு தடவை ஓட்டுங்கள். வறண்ட ஊர் என்றாலும் எந்தக் கூரைக்கு அடியில் நின்றது என்பதும் முக்கியம். யூரியா, பொட்டாஷ் மூட்டை அடுக்கிய அறையில் நின்ற வண்டி, உர உப்பு ஈரத்தை இழுப்பதால் கடலோர வண்டி போலவே அடியில் அரித்திருக்கும். மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் குரோம் பம்பரில் புள்ளிப் புள்ளியாகத் துரு தெரியும். தேங்காய் மட்டை, நார் போட்ட ஷெட் என்றால் எலி நிச்சயம். சீட்டுக்குள் கூடு, வயரிங் முழுதும் கடி.

காந்தத்தை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். கூரையில் இழுத்துப் பிடித்தது மட்கார்டின் கீழ் வளைவில் நழுவினால் அங்கே பெயிண்டுக்கு அடியில் பட்டி (புட்டி) பூசியிருக்கிறது. கதவின் அடி நாலு விரல் உயரம், சக்கர வளைவின் உதடு, ஹெட்லைட்டைச் சுற்றி, விண்ட்ஷீல்டு ரப்பரின் கீழ் மூலைகள் என்று இந்த நாலு இடமும் தவறக் கூடாது. ரப்பர் காய்ந்து பிளந்தால் மழைத் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கித் தரையில் தேங்கும். கார்ப்பெட்டின் மேல்புறம் காய்ந்திருக்கும், அடியில் தகரம் சல்லடையாக இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்காமல் எந்த வண்டிக்கும் விலை சொல்லாதீர்கள்.

பிறகு சாக்கை விரித்து அடியில் படுங்கள். அம்பாசிடர், ஃபியட் இரண்டுக்கும் தனிச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம்தான் முதுகெலும்பு. முன் சக்கரம் வாரி அடிக்கும் மண் அதன் முன்முனையில் தங்கி, ஈரத்தைப் பிடித்து, உள்ளிருந்து அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் தகரம், ‘தொப்’ என்றால் பட்டியோ துருவோ. முனையால் அழுத்திப் பார்க்க விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மேலே தகரம் வைத்து ஒட்டிக் கறுப்பு அண்டர்கோட் புதிதாக அடித்திருந்தால் அதுவே சந்தேகத்துக்குரியது. பழைய வண்டியின் அடிப்பகுதி மட்டும் புத்தம் புதிதாக இருக்கக் காரணம் வேண்டும்.

அம்பாசிடரில் கூடுதலாக முன் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே தகரம் கிழிந்தால் ஒரு பக்கம் முகம் தாழும். சமதரையில் நிறுத்தி, முன் மட்கார்டின் வளைவிலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் டேப்பில் அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், டார்ஷன் பாரைத் திருகிச் சரி செய்யும் அளவு மீதி இருக்கிறதா, பிடிக்கும் இடம் கிழிந்திருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது அரை நாள் வேலை, இரண்டாவது பெரிய டிங்கரிங். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் பாடியில் மாட்டும் ஷேக்கிள் இடங்களை இரண்டு வண்டியிலும் தட்டிப் பாருங்கள்.

கதவைப் பாதி திறந்து கைப்பிடிப் பக்கம் மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது, லேத்து வேலை, பயமில்லை. கதவு ஆடாமலேயே இடைவெளி மேலே 4 மி.மீ., கீழே 8 மி.மீ. என்று கோணலாக இருந்தால் பாடி தொங்கியிருக்கிறது. அது கீல் மாற்றினால் போகாது. அடிச்சட்டம் வலுவிழந்ததன் அடையாளம். இந்த ஒரு குறைக்காகவே வண்டியை விட்டுவிடலாம்.

டிக்கித் தரையில் ஒழுங்கில்லாத பெரிய துளைகள் இருந்தால் ஒரு காலத்தில் கேஸ் சிலிண்டர் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். எரிபொருள் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் அம்பாசிடரில் மாட்டடோர் வேனின் டீசல் இன்ஜின் ஏற்றியதும் இந்த வகைதான். டீசலின் எடைக்கும் அதிர்வுக்கும் இன்ஜின் தாங்கும் இடங்களில் விரிசல் விழும்.

இன்ஜினும் ஓட்டமும்

போவதற்கு முன் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “ஏனுங்க, நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க.” போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆற விட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறப்பது குளிர்ந்திருக்கும்போதுதான். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு இங்கே தெரியும். துருநிறச் சேறு, வெள்ளைப் படிவம் இருந்தால் ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைபட்டிருக்கும். அம்பாசிடருக்கு இரும்பு ஹெட் (இன்ஜினின் மேல்மூடி), கொஞ்சம் தாங்கும். ஃபியட், பத்மினிக்கு அலுமினிய ஹெட், இரும்பு பிளாக். உப்புத் தண்ணீர் அலுமினியத்தின் நீர்வழி ஓரத்தை அரித்து, கேஸ்கெட் பிடிக்க இடமில்லாமல் செய்துவிடும். சூடேறி ஹெட் வளைவதும் அதில்தான் அதிகம். ஆயில் குச்சியில் காபி நிறக் கூழ், ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம், ஸ்டார்ட் செய்ததும் தண்ணீரில் விடாத குமிழி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கழற்றும் செலவை எழுதிக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் பார்க்க இன்ஜினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். தனித்தனி எண் எவ்வளவு என்பதைவிட நாலுக்கும் நடுவே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டர் துளை) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது.

புகை நிறம் எல்லோருக்கும் தெரியும், நேரம்தான் முக்கியம். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு கைடு. விடாமல் வந்தால் ரிங். அம்பாசிடரின் 1,489 சி.சி. இன்ஜினுக்கு போர் 73.025 மி.மீ., ஃபியட்டின் 1,089 சி.சி. இன்ஜினுக்கு 68 மி.மீ. இதுவரை எத்தனை முறை போரைக் கடைந்து பெரிதாக்கினார்கள் என்று கேளுங்கள். அம்பாசிடரில் 20, 40, 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) என்று பெரிதாக்கிக்கொண்டே போய், அதற்குமேல் லைனர் (சிலிண்டருக்குள் போடும் புது உறை)தான். லைனர் போட்டு மறுபடி ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்கு வருவது கோயம்புத்தூரில் தினசரி வேலை, அதற்காக வண்டியை வெறுக்க வேண்டாம்.

அம்பாசிடர் இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் ஆரோக்கியம். ஐடிலில் 15 இருந்தால் போதும். கிராங்க் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, சுருள் வெட்டுதான் ஆயிலைத் திருப்பி அனுப்பும். அதனால் இரவு நிறுத்தினால் இரண்டு சொட்டு விழுவது இயல்பு. குளம் கட்டினால்தான் கோளாறு.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றாம் கியருக்கு ‘சின்க்ரோ’ (கியர் பல்லை உரசாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது என்பதை மறக்க வேண்டாம். ஓடும்போது ஒன்றாம் கியருக்குக் கரகரவென்றால் அது இயல்பு, விலை குறைக்கக் காரணமில்லை. இரண்டாம் கியரில் இழுத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை விடும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால்தான் கியர்பாக்ஸ் வேலை. ஹேண்ட் கியர் லொடலொடவென்று ஆடுவது லிங்க் புஷ் தேய்மானம், மலிவு வேலை. ஸ்டியரிங்கில் அம்பாசிடருக்கு ரேக் பினியன்; சக்கரம் திரும்பாமல் வளையம் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. ஃபியட்டுக்கு ஸ்டியரிங் பாக்ஸ், கொஞ்சம் கூடுதல் ஆட்டம் பொறுக்கலாம். ஆளில்லாத ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக் அடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தின் பிரேக் சிலிண்டர் ஒழுகுகிறதா, இறுகிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு விஷயம் எந்தப் பழைய பெட்ரோல் வண்டிக்கும் பொது. 2000இல் ஈயப் பெட்ரோல் நின்றது; அதற்கு முந்தைய ஹெட்டில் கடின வால்வு சீட் போடவில்லையென்றால் நெடுந்தூர ஓட்டத்தில் சீட் அமுங்கும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஓஸையும் பெட்ரோல் பம்பு டயாஃப்ரத்தையும் தின்னும். இரண்டையும் மாற்றும் செலவு சின்னதுதான், ஆனால் பட்டியலில் இருக்க வேண்டும்.

காகிதம்

வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து சேஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பிரிண்ட் எடுங்கள். ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸ் எண் பொருந்தாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். எந்த விலையும் மலிவில்லை.

மாவட்ட எண் இல்லாத மூன்றெழுத்துப் பழைய எண் 1989க்கு முந்தையது. இந்த எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு, அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆனால் அந்த எண் ஆர்.டி.ஓ. ஆன்லைன் பதிவில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லையென்றால் பழைய லெட்ஜரிலிருந்து ஏற்ற வேண்டும். லெட்ஜரில் அந்தப் பக்கம் கிடைப்பது விற்பவர் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். வெளி மாநில வண்டியை இங்கே மறுபதிவு செய்தால் பழைய எண் போய்விடும்.

நம் ஊரில் அடிக்கடி வருவது வாரிசுச் சிக்கல். ஆர்.சி. தாத்தா பெயரில், அவர் காலமாகி இருபது வருடம், சாவி பேரன் கையில். படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். மற்ற வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மில் அல்லது கூட்டு வியாபாரத்தின் பெயரில் இருந்தால் பங்குதாரர் அனைவரின் கையெழுத்தும் கேட்பார்கள். உயிரோடு இருப்பவர் விற்றால் படிவம் 29, 30. பழைய கடன் பதிவு நீக்காமல் இருந்தால் படிவம் 35.

எஃப்.சி. (தகுதிச் சான்று) தவறியிருந்தால் அது விலைக்குள் வரும் பணம். 15 ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. தாமதத்துக்கு மாதம் 500 என்று மத்திய விதியில் இருக்கிறது, பசுமை வரி வேறு. எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்று அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புரோக்கர் சொல்லும் தொகை கணக்கல்ல.

விலை கட்டுவது

கேட்கும் விலைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். ஆறு மாதமாக ஆன்லைனில் நிற்கும் விளம்பரம் அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்குச் சாட்சி. உண்மையில் கைமாறிய வண்டி மூன்றையாவது விசாரியுங்கள். ஒரே மாடல், ஒரே காலம், ஓடும் நிலை, அசல் தோற்றம். மெக்கானிக்கிடமும் பெயிண்டரிடமும் கேட்டால் சரியான தொகை வரும், ஓனர்கள் கூட்டிச் சொல்வார்கள். அது உங்கள் உச்ச விலை. கீழ் எல்லை, அந்த வண்டியைப் பிரித்து விற்றால் வரும் பணம். பத்மினி சுமார் 900 கிலோ. தகர விலை, இன்ஜின், கியர்பாக்ஸ், குரோம் பொருள்கள் என்று உக்கடம் பழைய சாமான் கடையில் கேட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு எப்படிப் போவது என்பதற்கு ஒரு மாதிரி மட்டும். எண்கள் சந்தை நிலவரமல்ல, உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். உச்சம் 3,00,000 என்று வைப்போம். அடிச்சட்டம், தரை டிங்கரிங் 50,000. அது நடந்தால் பெயிண்ட் தவிர்க்க முடியாது, 60,000. லைனர், ரிங், பேரிங் 35,000. நாலு டயர், பிரேக் ரப்பர் எல்லாம் 25,000. எஃப்.சி., பெயர் மாற்றம் 20,000. கூட்டினால் 1,90,000. பிரித்த பிறகுதான் தெரியும் குறைகளுக்கு இதில் கால் பங்கு, 47,500. மொத்தம் 2,37,500, வண்டிக்கு மிஞ்சுவது 62,500. கேட்கும் விலை 1,50,000 என்றால் மலிவு போலத் தெரியும் இந்த வண்டி, வேலை முடியும்போது 3,87,500 ஆகி நிற்கும். உச்ச விலைக்கே ஓடும் வண்டியை வாங்குவது அதைவிட மலிவு.

இந்தக் கழிப்பில், வண்டியில் காணாமல் போன பொருள்களைத் தனியாக எழுதுங்கள். கிரில், பெயர்ப் பட்டை, நாலு ஹப் கேப், டெயில் லேம்ப், முன் கதவின் முக்கோணக் கண்ணாடி, மீட்டர், அசல் ஸ்டியரிங் வளையம், டூல் கிட். ஒவ்வொன்றையும் தேடி விலை கேட்ட பிறகே கழியுங்கள். விலையே கிடைக்காத பொருளுக்கு, கிடைக்கும் பொருளில் மிக விலை உயர்ந்ததன் இரண்டு மடங்கைக் கழியுங்கள். கடுமையாகத் தோன்றும், தேடி அலைந்து வாங்கும்போது அதற்குக் குறையாமல்தான் ஆகும். எல்லாம் முழுமையாக, பெயிண்ட் மட்டும் வெளிறி இருக்கும் வண்டி கிடைத்தால் பத்து, பதினைந்து சதவீதம் கூடக் கொடுத்தும் எடுக்கலாம். பெயிண்டைத் தொடாமல் பாலிஷ் போட்டு வைத்திருங்கள். அசல் பெயிண்ட் ஒரு தடவைதான் இருக்கும்.

பேரத்தில் குறைகளை அடுக்கி வண்டியை மட்டம் தட்ட வேண்டாம். தாத்தா வைத்திருந்த வண்டி என்றால் வீட்டார் மனம் நோகும், விலையும் இறங்காது. எழுதிய தாளைக் காட்டி, “வேலை இவ்வளவு ஆகுமுங்க, அதைப் போக நீங்களே ஒரு விலை சொல்லுங்க” என்று விட்டுவிடுங்கள். பழைய நம்பர் பிளேட், சாவிக் கொத்து, கையேடு, ஷெட்டின் மூலையில் கிடக்கும் உடைந்த கிரில், கழற்றிய குரோம் பட்டை எல்லாவற்றையும் வண்டியோடு சேர்த்தே பேசுங்கள். குப்பை என்று அவர்கள் தூக்கிப்போட இருப்பதுதான் நீங்கள் ஆறு மாதம் தேடப்போகும் பொருள்.

முன்பணம் கொடுக்கும் ரசீதில் சேஸ் எண், இன்ஜின் எண், மீதித் தொகை, காகிதம் முடிக்கும் தேதி, முடியாவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி ஆகியவை இருக்கட்டும். வண்டி கைமாறும் தேதியும் நேரமும் இருவர் கையெழுத்தோடு தனித் தாளில் வேண்டும். வருடக் கணக்கில் நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். காய்ந்த பிரேக் ரப்பர் முதல் இரண்டு மிதியில் பிடித்து மூன்றாவதில் விட்டுவிடும், டேங்கின் துரு கார்புரேட்டரை வழியிலேயே அடைத்துவிடும். லாரியில் ஏற்றி, அச்சில் கயிறு கட்டிக் கொண்டு வாருங்கள். பம்பரில் கட்டினால் வளைந்துவிடும், அதுவும் லேத்தில் செய்ய முடியாத பொருள்.